நாம்பன் குத்திய கிறில்

எங்கள் ஜீப்பின் முன் கிறிலை மாற்றி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம், குறுக்கே ஐந்து பட்டிகள், பின்னால் ரேடியேற்றர். அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதற்கு முன்னால் நின்று கதைக்கத் தொடங்கினால், தேத்தண்ணி போடுகிற சாட்டில் நான் குசினிக்குள் போய்விடுவேன்.

ஜீப் பழையது. மழைக்காலத்தில் உள்ளே இருக்கிற குடியேற்றத் திட்டங்களுக்கு வேறு வாகனங்கள் போகமாட்டா. நான்கு சில்லும் இழுக்கிற இதுதான் போகும். என் கணவர் அதை வாடகைக்கு ஓட்டுகிறார். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரு மகள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. கணவரின் அம்மாவான மாமியும் எங்களோடுதான் இருக்கிறார்.

மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அன்று கணவர் மோட்டார் சைக்கிளில் எங்கேயோ போயிருந்தார். ஜீப் முற்றத்தில் நின்றது. என்னுடைய சாரதி அனுமதிப்பத்திரம் அலுமாரிக்குள் இருந்தது. நானோ ஓட்டோக்காரருக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்துக்கொண்டு நின்றேன். ஓட்டோ வர அரைமணித்தியாலம் ஆனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரைமணித்தியாலம் என்னை விட்டுப் போகாமல் நின்றுவிட்டது. சின்னக் கார் ஒன்றில் பழகி எடுத்த அனுமதிப்பத்திரம் அது. ஜீப்பைத் தொடவே எனக்குப் பயம். பயத்தை விடவேண்டும் என்று முடிவெடுத்து, மாமி கோயிலுக்குப் போகிற காலை நேரங்களில் முற்றத்துக்குள்ளேயே முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பழகினேன். கணவருக்கும் அது தெரியும். "பழகும். ஆனா பிள்ளையை வைச்சுக்கொண்டு பழகாதையும்," என்று ஒன்றை மட்டும் சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. பிள்ளை என்னை விடாமல் அழுதாள். ஐந்து நிமிடம்தானே என்று முன் சீற்றில் இருத்தினேன். ஜீப்பின் கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால் கியரில் போட்டு நிறுத்துவது கணவருடைய வழக்கம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் முதலில் கிளச்சை மிதித்த பிறகே திறப்பைத் திருப்புவேன். அன்று பிள்ளையின் பக்கம் திரும்பி அவளுடைய மூக்கைத் துடைத்துக்கொண்டே திறப்பைத் திருப்பினேன்.

ஜீப் ஒரு துள்ளுத் துள்ளிக் கிணற்றை நோக்கிப் பாய்ந்தது.

கழுவ வசதியாக இருக்கும் என்று கணவர் அதை எப்போதும் கிணற்றைப் பார்த்தே நிறுத்துவார். எங்கள் கிணறு அகலமானது. கட்டு பழையது, இடுப்பளவுகூட வராது. கட்டுக்கு மேலால் ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு மோட்டர்க் குழாய் இருக்கிறது. நீலப் பெயின்ற் அடித்த இரும்புக் குழாய். அதுதான் கிறிலைக் குத்தி உள்ளே போய் ஜீப்பை நிறுத்தியது. நானும் பிரேக்கை மிதித்தேன், இயந்திரமும் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தபோது ஜீப்பின் முன் பஃபருக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. பிள்ளை சீற்றிலிருந்து வழுக்கிக் கீழே இருந்தாள். அழவில்லை. "டொம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தேன். கிறிலின் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ரேடியேற்றர் தப்பியிருந்தது. குழாய் கொஞ்சம் சரிந்திருந்தது. அதைத் துணியால் துடைத்து, அதன் மேல் மகளின் சட்டைகள் இரண்டைக் காயப்போட்டேன். ஏன் காயப்போட்டேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் நான் இன்னும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கணவர் வந்ததும் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் கை முந்திவிட்டது.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். படலையைத் திறந்ததும் கண்டுவிட்டார்.

"இஞ்சரும்! இதென்ன இது?"

நான் வாசலுக்கு வந்தேன். வாயைத் திறப்பதற்குள் மாமி, கோயிலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றவர், சொன்னார்: "காலமை நான் போகேக்கை பக்கத்து வீட்டு நாம்பன் உதிலை வாழையைக் கடிச்சுக்கொண்டு நிண்டது. கலைச்சுப்போட்டுத்தான் போனனான். திரும்ப வந்திட்டுது போல."

நாம்பன் என்றால் இளங்காளை. பக்கத்து வீட்டு அக்காவின் பட்டியில் இருந்த ஒரே காளை அது. கணவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "கொம்பாலை குத்தியிருக்கு. கண்ணாடி மாதிரி மினுங்குதெல்லோ, தன்ரை நிழலைக் கண்டிருக்கும். நாம்பன்தானே?" என்று என்னைக் கேட்டார். "ஓம் போலை கிடக்கு," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் பின்னேரமாவதற்குள் அதற்குக் கை கால் வைத்துவிட்டேன். சத்தம் கேட்டது என்றேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன் என்றேன். பிள்ளை "டொம், டொம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். "பாவம், பிள்ளை பயந்துபோச்சுது," என்று மாமி அவளுக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாக இருக்கிறா. ஏழெட்டு மாடுகளை வைத்துப் பால் கொடுத்துச் சீவிக்கிறா. முந்திய காலத்தில் இயக்கத்தின் வாகனங்களோடு நின்றவ என்று மட்டும் எங்கள் ஒழுங்கையில் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, அவவும் சொல்வதில்லை. சண்டை முடிந்த ஆரம்ப வருடங்களில் அடிக்கடி ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போவார்களாம். உழவு இயந்திரம் இடைநடுவில் நின்றால் ஊரில் முதலில் அவவைத்தான் கூப்பிடுவார்கள். வந்து சத்தத்தைக் கேட்டுப் பிழையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவா. கூட்டங்களில் பின்வரிசையில் இருப்பா. ஒருவரோடும் வாக்குவாதப்பட்டதை நான் கண்டதில்லை.

எனக்கு வெட்கமான இடம் இதுதான். குத்தியது நாம்பன் என்று மாமி சொன்ன அந்த நொடியில் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அது ஒழுங்கையின் மறுகரையில் இருக்கிற வாய்க்காரரின் மாடாக இருந்திருந்தால் நான் "ஓம்" என்று சொல்லியிருக்கமாட்டேன். அவர் வந்து நின்று ஒன்றுக்குப் பத்தாகக் கேட்டிருப்பார். இந்த அக்கா கேட்கமாட்டா. அது எனக்குத் தெரிந்திருந்தது. யோசித்து அப்படிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்காமலே அது தெரிந்திருந்தது.

நினைத்தபடியே நடந்தது. கணவர் வேலியடியில் போய்ச் சொன்னபோது அக்கா பால் வாளியைக் கீழே வைத்தாவாம். பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. கிறிலை எடுப்பியுங்கோ, நானே வந்து மாத்தித் தாறன்," என்றாவாம். கணவருக்குச் சந்தோசம். "அக்கா கை வைச்சால் கராச்சிலை செய்தது மாதிரித்தான்," என்று வந்து சொன்னார்.

ஆனால் கதை வேலியோடு நிற்கவில்லை. அடுத்த நாள் காலை பால் சேகரிக்கிற இடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பின் தலைவர் அங்கேயே வைத்து அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: "பிள்ளை விளையாடுற வீட்டு முத்தத்திலை வந்து குத்தியிருக்கு. இண்டைக்கு ஜீப்பு, நாளைக்குப் பிள்ளை. விதைப்புக்கு முன்னம் அதை ஏத்திவிடுங்கோ." அக்கா தலையாட்டியிருக்கிறா. அடுத்த செவ்வாய் லொறி வருவதாக முடிவாயிற்று. லொறியில் ஏறுகிற மாடு எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் பிள்ளையைச் சொல்லித்தான் அந்த முடிவை எடுத்தார்கள். அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோன தாய் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். இனி என்னைத் தனியே விட்டுப் போகப் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம், கிறில் வந்த பிறகு சொல்லலாம் என்று நாளை நகர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை கணவர் வவுனியாவுக்குப் போய்ப் பழைய வாகனச் சாமான் கடையில் ஒரு கிறில் தேடி எடுத்துவந்தார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் கடலையும் வாங்கி வந்திருந்தார். கச்சான் சரையையும் கிறிலையும் கதிரையில் ஒன்றாக வைத்தார். நான் கச்சானைத் தொடவில்லை. பல்லு நோகுது என்றேன்.

ஞாயிறு காலை அக்கா வந்தா. சேலை இல்லை, பழைய பாவாடையும் மேலே ஆண்கள் போடுகிற சேட்டும். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. ஜீப்பின் மூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தா.

"தங்கச்சி, பாண் வெட்டுற கத்தி ஒண்டு தாங்கோ. மொட்டையா இருந்தால் நல்லம். ஒரு கிண்ணமும் கொண்டுவாங்கோ, கிளிப்புகளைப் போட."

கத்தியையும் சில்வர் கிண்ணத்தையும் கொண்டுபோனேன். "நீங்கள் கிண்ணத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஒண்டு துலைஞ்சாலும் ஓடேக்கை கிடுகிடுக்கும்," என்றா. மறுக்க முடியவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிலின் மேல்விளிம்பில் ஆறு பிளாஸ்டிக் கிளிப்புகள். கத்தி நுனியால் ஒவ்வொன்றின் நடுப்பொட்டையும் கிளப்பி, பிறகு கிளிப்பை முழுதாக இழுத்து எடுத்தா. வெயில் பட்டுப் பட்டு இறுகியிருந்ததால் ஒன்று உடைந்தது. விளக்குகளுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணிகள்.

"தம்பி, இதை முந்திக் கழட்டினது ஆர்?"

"ஏனக்கா?"

"ஒரு பக்கம் ஸ்குரூ, மற்றப் பக்கம் கதவுப் பிணைச்சல் ஆணி. நல்ல வைத்தியம்."

கணவர் சிரித்தார். "அக்கா, உங்கடை நாம்பனுக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துக் குடுத்திருக்கலாம். எங்கடை ஆளை விட நல்லா முன்னுக்கு வந்திருக்கு!"

மாமி குசினி வாசலில் நின்று, "செவ்வாயோடை அதுக்கு லைசென்ஸ் முடியுது," என்றார். அக்காவும் உதட்டால் சிரித்தா. சிரித்துக்கொண்டே கிறிலை இரண்டு கையாலும் பிடித்து, கீழ்க் கொளுக்கிகள் விடும்படி மெல்ல ஆட்டி இழுத்தா. அது கழன்று வந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு குந்தினா. ஓட்டையின் விளிம்பில் பெருவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினா. பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தா. இன்னொரு முறை திருப்பினா. மாடு தலையைக் குனிந்து கீழிருந்து மேலே எத்தும் என்பதும், அப்படி எத்தினால் பட்டிகள் மேல்நோக்கிப் பிளக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பின்னால் நானே யோசித்து விளங்கிக்கொண்டது அது. இந்தப் பட்டிகள் நேர் உள்ளே மடிந்திருந்தன. உடைந்த விளிம்பில் சின்னதாக ஏதோ ஒட்டியிருந்தது. அக்கா நகத்தால் அதைக் கிள்ளி எடுத்தா. எட்டி, நான் பிடித்திருந்த கிண்ணத்துக்குள் போட்டா.

கிளிப்புகளுக்கு நடுவில் நீலப் பெயின்ற் துண்டு ஒன்று கிடந்தது.

என்னை அவ நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தக் கம்பிக் குறட்டைத் தாங்கோ தம்பி," என்றா. கணவர் கொடுத்தார். வவுனியாக் கிறிலில் கீழ்க் கொளுக்கி ஒன்று முறிந்திருந்தது. சைக்கிள் ரியூப்பில் ஒரு கீலம் வெட்டி இடையில் வைத்து, செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினா. உடைந்த கிளிப்புக்குப் பதிலாகப் பழைய செருப்பின் அடியில் ஒரு வட்டம் வெட்டித் துளைத்துப் போட்டா. ஒவ்வொன்றாகக் கிண்ணத்திலிருந்து எடுத்தா. எடுக்கும்போது அவவுடைய விரல் அந்த நீலத் துண்டை ஒதுக்கிவிட்டுக் கிளிப்பை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அது மட்டும் மிஞ்சியது.

கணவர் இயந்திரத்தைப் போட்டுப் பார்க்க ஏறினார். அக்கா கை கழுவக் கிணற்றடிக்குப் போனா. நான் சவர்க்காரத்தோடு பின்னால் போனேன். அன்றும் நான் குழாயில் காயப்போட்டிருந்த மகளின் சட்டையை எடுத்து மடித்து என்னிடம் தந்தா. குழாயின் நுனியைத் தொட்டுப் பார்த்தா. கிணற்றுக் கட்டையும் பார்த்தா.

"பிள்ளை எங்கை இருந்தவ அப்ப?" என்று மெதுவாகக் கேட்டா.

"முன் சீற்றிலை."

கையை இரண்டு தரம் கழுவினா. தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டா.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இனி அவ நாம்பனை விற்கமாட்டா, லொறிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவா, பிரச்சினை தன்னாலேயே தீர்ந்துவிடும் என்று என்னை நானே நம்பவைத்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் நாள் முழுக்க அந்த நம்பிக்கையோடு இருந்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நாம்பனைக் கட்டி, கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டிருந்தா.

வேலியடிக்குப் போனேன். "அக்கா, விக்காதேங்கோ. அது குத்தேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"நான்தான் அக்கா. பயத்திலை..."

"அதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம், தங்கச்சி? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆக்களுக்கெல்லோ சொல்லவேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கிளிப்புகள் துலையாமல் பிடிக்கச் சொன்ன அதே குரல்தான்.

"நீங்கள் தலைவரிட்டைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்னெண்டு? அரசாங்க உத்தியோகம் பாக்கிற பிள்ளை பொய் சொல்லுது எண்டோ? நான் சொல்லி ஆர் நம்புவினம்?"

மணியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டா.

கணவர் கிணற்றடியில் ஜீப்பைக் கழுவிக்கொண்டு நின்றார். புதுக் கிறிலைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "சும்மா கதை விடாதையும்," என்று முதலில் சிரித்தார். பிறகு குழாயைப் பார்த்தார். தண்ணீரை நிறுத்தினார்.

"கட்டுக்கு எவ்வளவு கிடந்தது?"

கையை விரித்து ஒரு சாணைக் காட்டினேன். அவர் கிணற்றுக் கட்டில் இருக்கப் போய், இருக்காமல் எழும்பினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு இறக்கவேயில்லை. திட்டியிருக்கலாம்.

மாமிக்குத்தான் உண்மையில் நொந்தது. "நான்தானே நாம்பன் எண்டு சொன்னனான். எனக்குத் தெரியாமல் சொன்னனான். தெரிஞ்ச நீ ஏன் பிள்ளை ஓமெண்டனி?" என்று கேட்டார்.

"தலைவரிட்டை நான் போய்ச் சொல்லுறன்," என்றார் கணவர். நல்லது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு நானும் போனேன். தலைவர் வயலுக்கு மருந்து அடிக்கிற மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உதுக்கே தங்கச்சி இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? விடுங்கோ. வெளியிலை சொன்னால் நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம். மாடு போனால் போகட்டும், உது எப்பிடியும் வாழை தின்னுற மாடுதானே. அவவும் ஒண்டும் மறுக்கேல்லையே."

"மறுத்திருந்தால் நம்பியிருப்பீங்களோ?"

அவர் மெசினின் குழாயை ஊதிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து லொறிக்காரருக்குப் போன் எடுத்து நாளைக்கு வரவேண்டாம் என்றார்.

பொய் பரவியது பால் சேகரிக்கிற இடத்தில். அடுத்த நாள் காலை ஆறரைக்கு அங்கே போனேன். கான்களோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அக்காவும் வரிசையில் நின்றா. நான் சொல்லத் தொடங்கிப் பாதியில் திரும்ப முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. முடித்ததும் ஒருவர், "அப்ப நாம்பனிட்டை ஆர் மன்னிப்புக் கேக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் பாலை அளக்கக் கொடுத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனா.

நாம்பன் நிற்கிறது. இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அது அவிழ்த்துவிடப்பட்டதை நான் காணவில்லை. மற்ற மாடுகள் மேயப் போக, அது மட்டும் பூவரச மரத்தில் கட்டிக் கிடக்கும். அக்கா புல்லு அறுத்துக்கொண்டு வந்து போடுவா. கழுத்தில் கயிறு உரஞ்சிய இடத்தில் மயிர் கொட்டியிருக்கிறது. போன மாதம் வேலியடியில் கண்டபோது தாங்காமல் கேட்டேன்.

"அக்கா, இனியாவது அவிட்டு விடலாமே? ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"கட்டினபடி நிக்கட்டும் தங்கச்சி," என்றா. "நாளைக்கு ஆரேன் வந்து ஏதேன் சொன்னால், கட்டியிருந்தது எண்டாவது சொல்லலாம்."